இரண்டாவது கோமாளி மீன்: எதை வாங்குவது, எப்படி விடுவது

தொட்டியில் ஒற்றையாக நீந்தும் கோமாளி மீனுக்குத் துணை தேடிக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இதில் ஆண் எது, பெண் எது?" என்றுதான். கடைக்காரரால் அதற்கு விடை சொல்ல முடியாது. கடைத் தொட்டியில் கூட்டமாக நிற்கும் 3 செ.மீ. குஞ்சுகள் இன்னும் ஆணுமல்ல, பெண்ணுமல்ல. முடிவெடுக்கத் தேவையான விவரம் வீட்டுத் தொட்டியில்தான் இருக்கிறது. அங்கே இருக்கும் மீனின் நீளம் என்ன? எவ்வளவு காலமாக அது தனியாக இருக்கிறது? இந்த இரண்டும் தெரிந்தால் என்ன வாங்குவது என்பது தெளிவாகிவிடும்.

இங்கே பேசுவது ஒசிலாரிஸ் என்ற கோமாளி மீன் இனம் பற்றி. சென்னை கொளத்தூர் கடைகளில் "நீமோ" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது இதைத்தான். அதைப் போலவே இருக்கும் பெர்குலா இனத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். மரூன், டொமேட்டோ, கிளார்கி ஆகிய மற்றக் கோமாளி மீன் இனங்களின் குணம் வேறு; அவற்றைத் தனியே சொல்கிறோம்.

பெரியது யார், சின்னது யார்

கோமாளி மீன்களின் கூட்டத்தில் முதலிடம் பிடிப்பது பெண்ணாகிறது. இரண்டாமிடத்தில் இருப்பது ஆண். மற்றவை இனப்பெருக்கம் இல்லாமல், அதிகம் வளராமல், வரிசையில் காத்திருக்கின்றன. பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும். காத்திருந்தவற்றில் பெரியது ஆணாகும். ஆய்வாளர்கள் ஹான்ஸ் ஃப்ரிக்கேவும் சிமோன் ஃப்ரிக்கேவும் 1977இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் இதை எழுதினார்கள். இது ஒருவழிப் பாதை. பெண்ணான மீன் மறுபடி ஆணாவதில்லை. ஆகவே ஒரே தொட்டியில் இரண்டு பெண்கள் சேர்ந்தால் அவற்றுக்குள் சமாதானம் என்பதே கிடையாது.

ஆய்வாளர் பீட்டர் பஸ்டன் பப்புவா நியூ கினியில் பெர்குலா கூட்டங்களை அளந்து சொன்ன இன்னொன்று, நமக்கு இன்னும் நேரடியாகப் பயன்படும். வரிசையில் ஒவ்வொரு மீனும் தனக்கு அடுத்ததைவிட ஏறக்குறைய 1.26 மடங்கு நீளமாக இருக்கிறது. கீழே இருப்பது அந்த இடைவெளி குறையாதபடி தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கிறது. இடைவெளி குறைந்தால் மேலிருப்பது அதைப் போட்டியாளராகப் பார்க்கும், அடித்து விரட்டும். இதை வீட்டுக் கணக்காக மாற்றினால்: உங்கள் மீன் 6 செ.மீ. என்றால் புதியது 4.8 செ.மீ.க்கு மேல் இருக்கவே கூடாது. 3 அல்லது 3.5 செ.மீ. இருந்தால் நிம்மதி.

கண்ணளவை நம்பாதீர்கள். கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து ஏமாற்றும். தினமும் தீனி போடும் இடத்தில், கண்ணாடியின் வெளிப்புறம், தையல் டேப்பில் ஒரு 10 செ.மீ. துண்டை வெட்டி ஒட்டுங்கள். தீனிக்கு வந்து கண்ணாடியை ஒட்டி நிற்கும்போது வாய் நுனியிலிருந்து வால் நுனிவரை கைபேசியில் ஐந்தாறு படம் எடுத்தால் அளவு கிடைத்துவிடும். கடைக்கும் ஒரு சிறு ஸ்கேல் கொண்டுபோங்கள்.

நான்கு வழிகள்

பெரும்பாலானவர்களுக்குச் சரியானது முதல் வழிதான்: இருப்பதைவிடத் தெளிவாகச் சின்னதாக, பண்ணையில் பிறந்த, அதே இனக் குஞ்சு ஒன்று. உங்கள் மீன் ஓராண்டுக்கு மேல் தனியாக இருந்து 7 செ.மீ. தாண்டியிருந்தால் அதைப் பெண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வேறு வழியே இல்லை, 3 செ.மீ. குஞ்சுதான். அளவு வித்தியாசம் மிரட்டுவதாகத் தோன்றும், "இது அதைத் தின்றுவிடாதா?" என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் பெரிய பெண் ஆபத்தாகப் பார்ப்பது தன் அளவுக்கு அருகில் வரும் மீனைத்தான். சின்னது பணிந்து போகும், அதற்கு அடி குறைவாக விழும். பரிதாபப்பட்டு 5 செ.மீ. மீனாகப் பார்த்து வாங்குவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

இரண்டாவது வழி, இருப்பதைவிடப் பெரியதை வாங்குவது. உங்கள் மீன் 4 செ.மீ.க்குள், வாங்கி ஐந்தாறு மாதத்துக்குள் என்றால் இது நடக்கக்கூடியதே. புதியது பெண்ணாகும், பழையது இரண்டாமிடத்துக்கு இறங்கும். ஆனால் பழையதற்குத் தொட்டி தன் வீடு என்ற தைரியம் இருக்கும், புதியதற்கு உடல் பலம் இருக்கும். இரண்டும் முட்டிக்கொண்டால் சண்டை நீளும். தெரிந்தவர் ஒருவர் தொட்டியைக் கலைக்கிறார், அவருடைய வளர்ந்த மீனுக்கு வீடு வேண்டும் என்பதுபோல் காரணம் இருந்தால் செய்யலாம். வேண்டுமென்றே தேடிப்போக வேண்டிய வழி அல்ல.

மூன்றாவது, ஜோடி சேர்ந்த இரண்டை வாங்கி, பழையதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது. முட்டையிடும் ஜோடி உடனே வேண்டும் என்பவருக்கு இதுதான் குறுக்குவழி. இதில் இரண்டு எச்சரிக்கை. கடையில் "ஜோடி" என்று விற்பவற்றில் பல, ஒரே அளவுள்ள இரண்டு குஞ்சுகளை ஒரே பையில் போட்டவை மட்டுமே. உண்மையான ஜோடியில் ஒன்று தெளிவாகப் பெரியதாக இருக்கும். இரண்டும் ஒரே மூலையில் தூங்கும். சின்னது பெரியதன் அருகில் வந்ததும் உடம்பைச் சாய்த்து நடுங்கும். அதைக் கடையிலேயே பத்து நிமிடம் நின்று பாருங்கள். அடுத்தது, பழைய மீனைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு ஜோடியை உள்ளே விடாதீர்கள். கடலில் ஒரே கடல் சாமந்தியில் (கோமாளி மீன் குடியிருக்கும், பூப்போன்ற கடல் உயிரி) நான்கைந்து மீன்கள் வரிசையாக வாழ்வதைப் பார்த்து, வீட்டிலும் மூன்று வைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 150 லிட்டர் தொட்டியில் ஜோடி உருவானதும் மூன்றாவது போக இடமின்றி மேல் மூலையில் ஒண்டும்; நாளடைவில் சாகும்.

நான்காவது, ஒன்றும் வாங்காமல் இருப்பது. தனியாக இருக்கும் கோமாளி மீன் ஏங்கிப்போவதில்லை. நன்றாகத் தின்று, நீந்தி, பதினைந்து இருபது ஆண்டுகூட வாழக்கூடியது. தொட்டி 75 லிட்டருக்குக் குறைவு, புதியதைச் சில வாரம் தனியே வைத்துக் கவனிக்கும் குவாரன்டைனுக்கு இடமில்லை, சண்டை வந்தால் புதியதை எடுத்துக்கொள்ள ஆளில்லை என்றால், இந்த நான்காவதே மீனுக்கு நல்லது. ஒசிலாரிஸ் ஜோடிக்கு 75 லிட்டர் குறைந்தபட்சம்; 100க்கு மேல் இருந்தால் ஒளிய இடம் கிடைக்கும்.

இனத்தைக் கலக்கலாமா என்று கேட்டால், ஒசிலாரிஸும் பெர்குலாவும் ஒன்றோடொன்று ஜோடி சேரும். ஸ்னோஃப்ளேக், பிளாக் ஐஸ் போன்ற அலங்கார வகைகள் பண்ணையில் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. சாதாரண ஆரஞ்சு மீனோடு சேர்க்கத் தடையில்லை. ஆனால் ஒசிலாரிஸோடு மரூன், டொமேட்டோ, கிளார்கி, நம் மன்னார் வளைகுடாவில் வாழும் செபே ஆகியவற்றில் எதையும் சேர்க்கக் கூடாது. மரூனுக்கு மரூனே என்றாலும் கடினம்தான். வளர்ந்த பெண் மரூன் 15 செ.மீ. வரை போகும், கன்னத்தில் முள் உண்டு. பல ஆண்டு சேர்ந்திருந்த ஆணையே அடித்துக் கொன்றுவிடும். மரூனில் ஜோடி வேண்டுமென்றால் 200 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில், கிடைப்பதிலேயே சின்னக் குஞ்சுகள் இரண்டைத் தொடக்கத்திலேயே சேர்த்து வளர்ப்பதுதான் ஓரளவு நம்பகமான வழி.

சண்டையைவிடப் பெரிய ஆபத்து

எல்லோரும் சண்டையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். புதிய கோமாளி மீன் வந்த இரண்டு வாரத்தில் இரண்டு மீனும் சாகின்றன என்றால் காரணம் பெரும்பாலும் நோய். அதிலும் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி கோமாளி மீன்களில் அவ்வளவு சாதாரணம். "கோமாளி மீன் நோய்" என்றே அதற்குப் பெயர். உடம்பில் சாம்பல் வெள்ளையாகக் கோழை படரும், தோல் நார்நாராக உரியும், மீன் பம்ப் அருகே மூச்சுக்குத் தவிக்கும். முதல் அறிகுறிக்கும் சாவுக்கும் நடுவே ஒன்றிலிருந்து மூன்று நாள்தான் கிடைக்கும். கடலில் பிடித்த மீன்களில் இது அதிகம். பண்ணை மீன்களில் குறைவு, ஆனால் கடைத் தொட்டியில் இரண்டும் ஒரே தண்ணீரில் நின்றிருந்தால் அந்த வித்தியாசம் போய்விடும்.

ஆகவே புதியதற்கு 30 நாள் தனித் தொட்டி. 40 லிட்டர் போதும். மணலும் கல்லும் வேண்டாம். அவை மருந்தை உறிஞ்சும். ஒளிய ஒரு பிவிசி எல்போ, ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப், மேலே மூடி. ஸ்பான்ஜை மூன்று நான்கு வாரம் முன்னதாகவே பெரிய தொட்டியின் சம்ப்பில் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டியில்) போட்டுவையுங்கள். புதிய ஸ்பான்ஜில் பாக்டீரியா இருக்காது, நான்காம் நாளே அமோனியா ஏறும். முதல் வாரம் முழுக்க அமோனியாவைத் தினமும் பாருங்கள். தென்பட்டால் 25 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள்.

மருந்தில் ஒன்றைக் கவனியுங்கள். வெல்வெட் நோய்க்கும் வெண்புள்ளி நோய்க்கும் கேட்கும் காப்பர் மருந்து, புரூக்ளினெல்லாவுக்குக் கேட்காது. அதற்கு ஃபார்மலின் குளியல்: 37 சதவீத ஃபார்மால்டிஹைடு உள்ள ஃபார்மலின், 4 லிட்டர் உப்புநீருக்கு 1 மி.லி., 45 நிமிடம், பலமான காற்றோட்டத்தோடு. மீன் சாய்ந்துவிட்டால் நேரம் பார்க்காமல் உடனே எடுத்துவிடுங்கள். பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்த ஃபார்மலினைத் தொடாதீர்கள், அது மீனுக்குப் பல மடங்கு நஞ்சு. உங்களுக்கும் அது கெடுதல் செய்யும் பொருள்தான். கையுறை, திறந்த ஜன்னல், குழந்தைகள் இல்லாத இடம். காப்பரோ ஃபார்மலினோ பெரிய தொட்டிக்குள் எப்போதும் போகக் கூடாது. இறால், பவளம், சாமந்தி மூன்றும் போய்விடும்.

பையிலிருந்து எடுக்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. பல கடைகள் உப்பைக் குறைத்து, 1.018 அல்லது 1.020 அடர்த்தியில் மீனை வைக்கின்றன. வீட்டில் 1.025. இந்த ஏற்றத்தை ஒரு மணி நேரச் சொட்டுக் குழாயில் முடிக்க நினைப்பது தவறு. குவாரன்டைன் தொட்டியைக் கடைத் தண்ணீரின் அடர்த்திக்கே கலந்துவைத்து, மீனை விட்டபின் நாளொன்றுக்கு 0.001 அல்லது 0.002 வீதம் ஏற்றுங்கள். இராத்திரி பஸ் பார்சலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வந்த மீன் என்றால் பையைத் திறந்துவைத்துச் சொட்டு விடவே விடாதீர்கள். பைக்குள் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அதனால் அமோனியா நஞ்சு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், அதே அமோனியா நஞ்சாகும். மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சரிசெய்து, திறந்த உடனே மீனை மட்டும் கோப்பையில் எடுத்து உள்ளே விட்டுவிடுங்கள்.

விடும் முறை: நேரடியாகவா, பெட்டியிலா, இடம் மாற்றியா

நேரடியாக விடுவதற்கு ஒரே சாதகம் எளிமை. விளக்கை அணைத்து, பழையதற்கு வயிறாரத் தீனி போட்டு, கற்களைக் கொஞ்சம் இடம் மாற்றி, புதியதை விடுவது. இரண்டுமே 4 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சுகள் என்றால் இதில் பெரிய கவலை இல்லை. பழையது ஒரு சாமந்தியையோ ஹாமர் பவளத்தையோ சொந்தமாக்கிக்கொண்டிருந்தால் இந்த முறையை விட்டுவிடுங்கள். கல்லை நகர்த்தினாலும் சாமந்தி அங்கேயேதான் இருக்கும், அதைக் காக்கத்தான் அது அடிக்கும்.

பெட்டி முறைதான் நாங்கள் வழக்கமாகச் சொல்வது: புதியதை ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அதே தொட்டிக்குள் மாட்டுவது. ஓட்டை போட்ட தெளிவான அக்ரிலிக் பெட்டி, குறைந்தது 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலமும் ஆழமும். ஓட்டை 4 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பெரிய ஓட்டையில் 2.5 செ.மீ. குஞ்சு தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். அக்ரிலிக் கிடைக்காவிட்டால், புதிதாக வாங்கிய, சோப்பே படாத பிளாஸ்டிக் வடிதட்டு இரண்டைக் கேபிள் டையால் சேர்த்துக் கட்டலாம். இரும்புக் கம்பி எங்கும் கூடாது. நீரோட்டம் தரும் பவர்ஹெட் பம்பின் நேர் வீச்சில் தொங்கவிடாதீர்கள், மீன் ஓய்வில்லாமல் எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடும். தேங்கிய மூலையிலும் வேண்டாம். மூடி கட்டாயம். கோமாளி மீன் குதிக்கும்.

பெட்டியைப் பழையது தூங்கும் மூலைக்கு எதிர்ப்புறம் மாட்டுங்கள். முதல் நாள் அது பெட்டியைச் சுற்றிச்சுற்றி வந்து சுவரில் முட்டும், அது எதிர்பார்த்ததுதான். தீனியை இரண்டுக்கும் ஒரே நேரத்தில், பெட்டிச் சுவரின் இரு பக்கமும் போடுங்கள்: மைசிஸ், ஆர்ட்டீமியா போன்ற குட்டி இறால் தீனி, அல்லது 1 மி.மீ.க்குட்பட்ட உருண்டைத் தீனி. ஏழாவது நாளுக்கு முன் திறக்காதீர்கள். பெரிய பெண் என்றால் 14 நாள். நாள் கணக்கைவிட நீங்கள் காண வேண்டிய அடையாளம் இது: பெரியது சுவரருகே வந்ததும், உள்ளே இருக்கும் சின்னது ஒருக்களித்துச் சாய்ந்து, குளிரில் உதறுவதுபோல் தலையிலிருந்து வால்வரை ஓரிரு நொடி நடுங்கும். வலிப்பு என்று பயந்து மருந்து தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் அல்ல, அது பணிவு. "நீ பெரியது, நான் போட்டிக்கு வரவில்லை" என்பதன் கோமாளி மீன் மொழி. அந்த நடுக்கத்தைப் பார்த்தபின் பெரியது முட்டாமல் பக்கத்திலேயே நின்றால், திறக்கும் நாள் நெருங்கிவிட்டது.

ஏழெட்டு நாளாகியும் பெரியது பெட்டியை விடாமல் கடித்துக்கொண்டே இருந்தால் மூன்றாவது முறைக்கு மாறுங்கள். பழையதைப் பெட்டிக்குள் போட்டு, புதியதைத் தொட்டியில் மூன்றிலிருந்து ஐந்து நாள் சுதந்திரமாகத் திரியவிடுவது. புதியதற்கு ஒளியும் இடங்கள் பழகும். பழையது வெளியே வரும்போது தொட்டி முழுக்கத் தன்னுடையது என்ற பிடி தளர்ந்திருக்கும். கல் நிறைந்த தொட்டியில் எப்படிப் பிடிப்பது என்றால், கோமாளி மீன் தினமும் ஒரே இடத்தில்தான் தூங்கும். விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, மங்கலான சிவப்பு டார்ச்சோடு போய், தெளிவான பிளாஸ்டிக் கோப்பையை மெதுவாகக் கீழிருந்து கொண்டுவாருங்கள். வலை வேண்டாம், செவுள் மூடியின் முள்ளும் துடுப்பும் சிக்கும், மரூன் என்றால் கன்னமுள் நிச்சயம் மாட்டும்.

திறந்த பிறகு

பெட்டியைச் சனிக்கிழமை காலையில் திறந்துவிடுங்கள், மாலையில் அல்ல. இரண்டு நாள் நீங்கள் வீட்டில் இருந்து பார்க்க முடியும். துரத்தல் இருக்கும், துடுப்பு நுனியில் ஒரு சின்னக் கிழிசலும் இருக்கலாம். நல்ல தண்ணீரில் அது ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். தலையிட வேண்டிய அறிகுறிகள் வேறு. துடுப்பு அடிவரை கிழிவது, புதியது தண்ணீர்மட்டத்தில் மூலையோடு ஒண்டி இரண்டு நாள் தின்னாமல் இருப்பது, மூச்சு வேகமாவது. எல்லாவற்றுக்கும் மேலாக வாயும் வாயும் கவ்விக்கொள்வது: இரண்டும் உதட்டைப் பற்றிக்கொண்டு தாடையை முறுக்கிச் சுழலும். இது சமபலம் என்பதன் அடையாளம், யாரும் பணியவில்லை என்று அர்த்தம். ஒருமுறை சில நொடி என்றால் பொறுத்துப் பாருங்கள். திரும்பத்திரும்ப நடந்தால் அன்றே புதியதைப் பெட்டிக்குள் போடுங்கள், அளவை மறுபடி அளந்து பாருங்கள், பெரும்பாலும் 1.26 கணக்கு அங்கே தவறியிருக்கும். அப்படியானால் காத்திருந்து பயனில்லை, புதியதைக் கடையில் கொடுத்துச் சின்னதாக மாற்றிக்கொள்வதே வழி.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். தண்ணீர் 29 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும். துரத்தப்படும் மீனுக்குத்தான் அது முதலில் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ, தொட்டிமேல் வீசும் விசிறியோ இல்லாமல் புதிய மீனைச் சேர்க்காதீர்கள். விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். ஆவியான அளவு ஆர்ஓ தண்ணீரைத் தினமும் ஊற்றுங்கள், உப்புநீரை அல்ல. மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

சேர்ந்துவிட்டன என்பதை இராத்திரிதான் உறுதிசெய்ய முடியும். பகலில் தீனிக்காகப் பக்கத்தில் நிற்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். விளக்கணைத்த பின் இரண்டும் ஒரே மூலையில், ஒரு கையகலத்துக்குள் தூங்கினால் வேலை முடிந்தது. சில ஜோடிகளுக்கு இது மூன்றாம் நாளே வரும், சிலவற்றுக்கு ஆறு வாரம் ஆகும். அதுவரை பெட்டியைத் தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள். சின்னது கொஞ்சம் வளர்ந்து, பெரியது மறுபடி அதை அளந்து பார்க்கும் மூன்றாம் நான்காம் வாரத்தில் அடி திரும்ப விழலாம். அப்போது அதைக் காப்பாற்ற அந்தப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.